வழுக்கியது தரையா, மாத்திரையா?

வீட்டில் பெரியவர் ஒருவர் விழுந்துவிட்டால் விசாரணை தரையில்தான் தொடங்கும். ஈரம் இருந்ததா, மிதியடி சுருண்டிருந்ததா, விளக்கைப் போட்டுக்கொண்டு போனாரா என்று கேட்போம். அடுத்து சுகர் இறங்கிவிட்டதா, பிரஷர் ஏறிவிட்டதா என்று பார்ப்போம். இரண்டும் சரியாக இருந்தால் 'வயசாகிவிட்டது' என்று முடித்துவிடுவோம். ராத்திரி படுக்கப் போகும்முன் அவர் போட்டுக்கொள்ளும் சின்ன மாத்திரை எதற்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மனச்சோர்வு மாத்திரைகளால் திடீரென்று சரிந்து விழுவது இளம் வயதினரிடம் அபூர்வம். அறுபத்தைந்தைக் கடந்தவர்களிடம் அது அபூர்வமே அல்ல. அது இந்த மாத்திரைகளின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. விழுபவர்களில் பலருக்குத் தாங்கள் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதே தெரியாது என்பதுதான் சிக்கல். 1961 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கும் அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்காக வந்த மருந்து. இன்று நம் ஊரில் சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் சிறிய அளவில் எழுதித் தரப்படுகிறது. வீட்டில் அதற்குப் பெயர் நரம்பு மாத்திரை. மனநல மருத்துவரே கொடுத்த மாத்திரை என்றால் வேறு விதமான மௌனம்: எலும்பு டாக்டரிடம் சுகர், பிரஷர், தைராய்டு எல்லாம் ஒப்பிப்பவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுவார்கள். மறைக்கப்பட்ட மாத்திரையை எந்த மருத்துவராலும் சந்தேகிக்க முடியாது.

விழுவது எப்படி நடக்கிறது? படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு மூளைக்குச் சொல்ல, நார்அட்ரினலின் சுரந்து ரத்தக் குழாய்கள் சுருங்கி, அழுத்தம் நிமிர்கிறது. சில விநாடி வேலை. நார்அட்ரினலின் வந்து பிடிக்க வேண்டிய ஆல்ஃபா-1 ஏற்பிகளைத்தான் அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகள் அடைத்துவிடுகின்றன. குழாய் சுருங்காது, கண் இருட்டிக்கொண்டு வரும், கால் துவளும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது நோய்க்குறி என்பது மருத்துவக் கணக்கு.

இதே ஏற்பிகளின் மேல் வேலை செய்யும் இன்னொரு மருந்து பல தாத்தாக்களின் டப்பாவில் இருக்கிறது: புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின். இரவில் இரண்டையும் போட்டுக்கொண்டு படுத்தவர், சிறுநீர் முட்ட, தூக்கக் கலக்கத்தில் சட்டென்று எழுந்து பாத்ரூமுக்கு நடக்கிறார். தரை வழுக்க வேண்டிய அவசியமே இல்லை.

1987 டிசம்பரில் ஃப்ளூக்செட்டின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் இந்தப் புதிய வகை மருந்துகள் ரத்த அழுத்தத்தைப் பழையவை போலக் கீழே தள்ளுவதில்லை. ஆகவே முதியவர்கள் விழுவது குறையும் என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. 1998இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 53 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 2,428 பேரை வைத்துச் செய்த ஆய்வு வெளியானபோது அந்த எதிர்பார்ப்பு ஆட்டம் கண்டது. மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால் பழைய மருந்துக்காரர்கள் 2 மடங்கு விழுந்தார்கள், புதிய மருந்துக்காரர்கள் 1.8 மடங்கு. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. 2011இல் பிரிட்டனில் மனச்சோர்வு உள்ள 60,746 முதியவர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்களும் புதிய வகையில் விழும் ஆபத்து 1.66 மடங்கு என்று கண்டார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் எட்ட நின்று பார்ப்பது நல்லது. மனச்சோர்வே நடையைத் தளர்த்தும், கவனத்தைச் சிதறடிக்கும், சாப்பாட்டைக் குறைக்கும். மருந்து எழுதப்படுகிறவர் ஏற்கெனவே நலிந்தவராக இருக்கலாம். விழுந்ததில் நோயின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக்காட்ட இத்தகைய ஆய்வுகளால் முழுதாக இயலாது. மருந்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. காரணம், வழி தெரிகிறது.

அந்த வழி ரத்தத்தில் உள்ள உப்பு. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்ற புதிய வகை மருந்துகள் சிலருக்கு, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்க வைக்கின்றன. உடலில் தண்ணீர் தேங்கி சோடியம் நீர்த்துப்போகிறது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது மெல்ல இறங்கும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில், அதிலும் வயதான பெண்களுக்கு. ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீர் பிரிக்கும் மருந்தும் கூடச் சேர்ந்தால் ஆபத்து கூடும். பெயர் 'எச்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகள் பலவற்றில் அது உண்டு. சீட்டைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். 2006இல் பெல்ஜியத்தில், சோடியம் குறைந்தும் வெளிப்படையாக எந்தத் தொந்தரவும் இல்லாத 122 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 21 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விழுந்ததற்காக மருத்துவமனைக்கு வந்தவர்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது சுமார் 5 சதவீதம்தான். அறிகுறி இல்லை என்று நினைத்தவர்களின் நடை உண்மையில் தள்ளாடிக்கொண்டிருந்தது.

நம் மருந்துக் கடைகளுக்கே உரிய கூடுதல் பிரச்சினை ஒன்று இருக்கிறது. எஸ்சிட்டலோபிராமும் குளோனாசிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. பதற்றம் தணியும் வரை சில வாரங்களுக்கு என்று தொடங்கிய இந்த ஜோடி, பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கப்படுவது சகஜம். குளோனாசிபாம் தூக்கத்தையும் தசைத் தளர்ச்சியையும் தருவது. முதியவர் உடலில் மறுநாள் பகலிலும் தங்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியல், ஏற்கெனவே விழுந்தவர்களுக்கு இந்த இரண்டு வகைகளையுமே, வேறு பாதுகாப்பான வழி இருக்கும்வரை, தவிர்க்கச் சொல்கிறது. மூளையில் வேலை செய்யும் மருந்துகள் மூன்றோ அதற்கு மேலோ ஒன்றாகச் சேர்வதும் கூடாது என்கிறது. அந்த மூன்றில் இரண்டை ஒரே மாத்திரைக்குள் அடைத்துத் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? தானாக நிறுத்துவதுதான் செய்யவே கூடாதது. பாராக்செட்டின், வென்லாஃபாக்சின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் ஓரிரு நாளிலேயே கிறுகிறுப்பும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் வரலாம், அதிலேயே விழலாம். குளோனாசிபாமைத் திடீரென விட்டால் வலிப்புகூட வரலாம். 1999இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், 65 வயதைத் தாண்டிய 93 பேரில் ஒரு பகுதியினருக்கு மனநல, தூக்க மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தார்கள். விழும் ஆபத்து 66 சதவீதம் குறைந்தது. ஆனால் ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில், மருந்து நிறுத்தப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மறுபடி மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தூக்கம் வராத இரவையும், இருண்டு கிடக்கும் மனத்தையும் அவர்கள்தானே கடக்க வேண்டும்?

மருத்துவரிடம் 'விழுந்துட்டார்' என்று மட்டும் சொல்லாமல் எப்படி விழுந்தார் என்று சொல்வது பாதி வைத்தியம். எழுந்த உடனேயா, நடந்து போகும்போதா? நினைவு தப்பியதா? மாத்திரை எப்போது தொடங்கியது, எப்போது அளவு கூடியது? வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சோடியம் பரிசோதனை சாதாரண ரத்தப் பரிசோதனைதான். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா, கூடவே இருக்கும் பிரஷர் மாத்திரையை மாற்றுவதா என்பதை அதற்குப் பிறகு அவர் முடிவு செய்வார்.

சில விழுதல்களுக்கு மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. முன்னறிவிப்பே இல்லாமல் நினைவிழந்து சரிந்தால் அது இதயத் துடிப்பின் கோளாறாக இருக்கலாம். சிட்டலோபிராம் கூடுதல் அளவில் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்திருக்கிறது. உடனே ஈசிஜி தேவை. தலையில் அடிபட்டவர் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோ எடுப்பவராக இருந்தால், புதிய வகை மனச்சோர்வு மாத்திரைகளும் ரத்தக் கசிவைச் சற்றுக் கூட்டும் என்பதால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.