ராத்திரியில் புளிக்கும் கள்ளி

சரவணம்பட்டியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மொட்டை மாடியில டிராகன் பழச்செடி வெச்சிருக்கேனுங்க. பூ வருது, ரெண்டு மூணு நாள்ல மஞ்சளாகி உதிர்ந்துடுது. காயே பிடிக்கலைங்க. அப்புறம், ராத்திரியில இது ஆக்ஸிஜன் விடுமாமே, படுக்கையறையில வெக்கலாமுங்களா?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருவோம். ராத்திரியில் இது ஆக்ஸிஜன் விடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை அது. நிஜம் அதைவிட ருசியானது.

டிராகன் பழச்செடி, நம் மேட்டுக்காட்டுச் சப்பாத்திக்கள்ளிக்குப் பங்காளி. வெயிலில் தண்டின் நுண்துளைகளைத் திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும். தண்ணீர் வெளியே ஓடிவிடும். அதனால் பகலெல்லாம் சாத்தி வைத்துவிட்டு இருட்டிய பிறகே திறக்கிறது. வெளிச்சமில்லாமல் சர்க்கரை சமைக்க முடியாதே? பிடித்த வாயுவை மாலிக் அமிலமாக்கி, தண்டிலுள்ள செல்களுக்குள் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளையை மூடிக்கொண்டு அமிலத்தை உடைத்து, வாயுவை மீட்டுச் சமைக்கிறது. ஆக்ஸிஜன் உண்டாவது அப்போதுதான், பட்டப்பகலில்.

இட்லி மாவு கதைதான். ராத்திரி ஆட்டி வைத்தது காலையில் புளித்திருக்கும். பகலில் செலவாகிச் சாயங்காலம் பாத்திரம் காலி. பாத்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் மறுநாள் சமையல். கள்ளித் தண்டு சதைப்பற்றாக இருப்பதில் இதற்கும் பங்குண்டு. ஒரு விஷயம் மட்டும் தலைகீழ்: மாவு வெக்கையில் சீக்கிரம் புளிக்கும், இதற்கோ ராத்திரி குளிர்ந்திருக்க வேண்டும். பகலில் 30 டிகிரி, இரவில் 20 டிகிரி என்றால் ஜோராக வேலை நடக்கும். சித்திரை வெயில் ஆகாது. தண்டு மஞ்சளாகி வெந்துபோகும், நிழல்வலை கட்டுங்கள்.

லாபம் தண்ணீரில் தெரியும். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் போன்ற பயிர்கள் 400–500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. இந்த வகைச் செடிகளுக்கு 50–100 கிராம் போதும். தினமும் குடம் குடமாக ஊற்றினால் வேர்தான் அழுகும்.

வரலாறு வேண்டுமென்போருக்கு: இதே வித்தை தெரிந்த ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பதையும் மதியத்துக்குள் சப்பென்று ஆவதையும் இந்தியாவில் மென்று பார்த்துச் சொன்னவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். லண்டன் லின்னியன் சங்க இதழில் 1815-இல் அச்சானது. காரணம் புரிய மேலும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

இனி உதிரும் பூ. அதுவும் இருட்டியபின் விரிந்து, காலை வெயில் ஏறியதும் வாடிவிடும். தாயகமான மத்திய அமெரிக்காவில் வௌவால்களும் பெரிய அந்துப்பூச்சிகளும் மகரந்தம் சுமக்கின்றன. மகரந்தம் சேராத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். உங்கள் மாடிக்கு அவை வருமென்று காத்திருக்க வேண்டாம். ஒன்பது, பத்து மணிக்கு டார்ச்சோடு ஏறுங்கள். சுற்றிலும் மஞ்சள் தூள் சிந்தும் மெல்லிய காம்புகள். நடுவே அவற்றைத் தாண்டி, விரல்கள்போல் பிரிந்து நீளும் சூல்முடி. தூளைப் பெயிண்ட் பிரஷ்ஷில் தொட்டு அதில் தாராளமாகத் தடவுங்கள். விதை எவ்வளவு பிடிக்கிறதோ, பழமும் அவ்வளவு பெருக்கும். சிவப்புச் சதை ரகங்களில் பல தன் மகரந்தத்தையே ஏற்காது. பக்கத்தில் வேறொரு ரகமும் வேண்டும்.

காய் நின்றால் ஒரு மாதத்தில் பழம். சிவப்பு ரகத்தைச் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதறாதீர்கள், பீட்ரூட்டில் உள்ள அதே வகை நிறமிதான். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது செடி விற்க வந்தால், செடியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.