எண்ணெய் வடிதிருகும் வாஷரும்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடியில் உள்ள வடிதிருகு, பட்டறைகளில் டிரெயின் போல்ட் எனப்படுவது, கசியத் தொடங்கினால் அதை மேலும் இறுக்குவதே பலருடைய வழக்கம். கேடு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது திருகின் மரையன்று. அதன் தலைக்கும் எஞ்சின் உறைக்கும் இடையே அமர்ந்துள்ள வாஷரே. அதை அமுக்கிப் பிடிப்பது மட்டுமே மரையின் வேலை.

செம்பு வாஷர் அமுக்கப்படுங்கால் சற்றே நசுங்கி, இரு பரப்புகளின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்புகிறது. நசுங்கிய செம்பு கடினமாகிவிடுவதால் மறுமுறை அவ்வாறு இணங்காது. புதிய வாஷர் கிடைக்காதவிடத்து, பழையதைச் செந்நிறம் தோன்றும்வரை காய்ச்சித் தண்ணீரில் இட்டால் மீண்டும் மென்மையாகும். கரிமம் மிகுந்த எஃகோ இவ்வாறு செய்யின் கடினமாகும். வகுப்பறையில் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டலாம். அலுமினிய வாஷரைக் காய்ச்சலாகாது. அது 660 டிகிரி செல்சியஸில், சிவக்காமலே உருகிவிடும், புதியதே இடவேண்டும்.

திருகு எஃகினால் ஆனது. உறையோ பெரும்பாலும் அலுமினியக் கலவை. மிகுதியாக இறுக்கினால் உறையின் மரையே பிய்ந்துபோகும். இறுக்க வேண்டிய அளவு வண்டியின் கையேட்டில் உண்டு. அது 25 நியூட்டன்-மீட்டர் என்று கொண்டால், 25 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையளவு விசையே போதும். ஸ்பானரில் குழாயைச் செருகி நீளத்தை இருமடங்காக்கினால், அதே கைவிசை இருமடங்கு முறுக்கத்தைத் தந்துவிடும்.

எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கையில் எண்ணெயை வடித்து, இரு பரப்புகளையும் துடைத்து, முதற் சில சுற்றுகளை விரலாலேயே திருகுக. விரலுக்கு இணங்காத திருகு கோணலாக ஏறியிருக்கிறது. அதைக் கழற்றி மறுபடி தொடங்குக.