உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் ஃபிரேமில் ஒரு சின்னத் துளை

மலைப்பாதை சைக்கிள்களில் ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்ற உதவுவது டிராப்பர் போஸ்ட். ஹேண்டில்பாரில் உள்ள லீவரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தால் சீட் இறங்கும். அந்த லீவரின் கேபிளைப் பழைய ஃபிரேமுக்குள் நுழைக்கச் சிலர் டிரில்லைக் கையில் எடுக்கிறார்கள். கேபிள் உறை 4 அல்லது 5 மி.மீ. தடிமன்தான், துளை 6 மி.மீ. இருந்தால் போதும்.

சின்னதுதானே என்று அலட்சியம் வேண்டாம். இழுவிசை தாங்கும் அகலமான தகட்டில் வட்டத் துளை போட்டால், அதன் விளிம்பில் தகைவு மும்மடங்காகும். துளை சிறிதா பெரிதா என்பது கணக்கே இல்லை. ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் 1898-இலேயே இதை நிறுவிவிட்டார். விளிம்பில் பிசிறு நின்றால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். அதனால் அரத்தால் ராவி, ரப்பர் வளையம் மாட்டுவார்கள். வெல்டிங் ஓரம் நெருங்கவே கூடாது. கார்பன் ஃபிரேமில் இந்த வேலையே வேண்டாம், இழைகள் அறுந்துபோகும். எந்த ஃபிரேமானாலும் வாரண்டி பெரும்பாலும் அத்தோடு போச்சு!