ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், முடிச்சூர், திருநின்றவூர் என்று சென்னையைச் சுற்றி வீடு வாங்கிக் குடியேறும் குடும்பங்களுக்கு, வீட்டுக் கடனுக்கு அடுத்து தூக்கத்தைக் கெடுப்பது பிள்ளையின் பள்ளிக்கூடம்தான். நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கும். அதன் வாசலைத் தாண்டித்தான் தனியார் பள்ளி வேன் தினமும் போகும். அந்த அரசுப் பள்ளியை வேண்டாம் என்பவர்களில் பெரும்பாலோர் அதற்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. சேர்ப்பவர்களிலும் பலர், வீட்டுக்குப் பக்கம், செலவில்லை என்பதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டு தரப்புமே பள்ளியைப் பார்க்கவில்லை. ஓர் அரைநாள் லீவு போட்டு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், என்ன பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை. ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தாலும் நிர்வாகக் கணக்கில் அது இரண்டு பள்ளி மாதிரி. ஐந்தாவது வரை இடைநிலை ஆசிரியர்கள், ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு நின்றுவிடும். சிறு வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அப்படித்தான். ஆகவே, ‘அந்த ஸ்கூல் நல்லா இருக்கு, என் பையன் ரெண்டாவது படிக்கிறான்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது உண்மையாகவே இருந்தாலும், ஆறாவதில் சேர்க்கப் போகிற உங்களுக்கு அது பதில் ஆகாது. வண்ணம் பூசிய முன் அறைகளில் நின்றுவிடாமல், பின்பக்கம் இருக்கும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறைகளுக்குப் போங்கள்.

ஆறாம் வகுப்பை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் 2020ஆம் ஆண்டுச் சட்டம், ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. (கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.) 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு வந்தது. 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’, 2024இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதற்கும் ஆறாம் வகுப்புதான் கணக்கின் தொடக்கம். ‘எட்டாவது வரை தனியாரில் படிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று காசு கட்டிப் படிக்க வைக்கும் வீட்டில் இந்தக் கதவுகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைத்துச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது முடித்தபின் 7.5 சதவீதத்தில் இடமில்லை என்று தெரிந்து திகைக்கும் குடும்பங்களும் உண்டு. சேர்க்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆனால் சலுகைக்காக மட்டும் ஒரு குழந்தையை மூன்று வருடம் ஒரு வகுப்பறையில் உட்கார வைக்க முடியாது. அங்கே பாடம் நடக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஆறு முதல் எட்டு வரை எத்தனை பட்டதாரி ஆசிரியர், எந்தெந்தப் பாடத்துக்கு? கல்வி உரிமைச் சட்டம் இந்த வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் கேட்கிறது. வகுப்புக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்றும், அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்றும் வகுத்திருக்கிறது. ஆக, சட்டப்படி குறைவில்லாத பள்ளியிலும் மூன்று பேர் ஐந்து பாடத்தைப் பிரித்துக்கொள்ளும் நிலை வரலாம். கணக்கு டீச்சரே அறிவியலும் எடுப்பார், தமிழாசிரியர் ஆங்கில வகுப்புக்குள் நுழைவார். ஐந்து பாடத்துக்கும் தனித்தனி ஆள் இருக்கும் புறநகர் நடுநிலைப் பள்ளி கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால், கணக்கை யார் நடத்துகிறார், அவர் படித்தது கணக்கா என்று கேளுங்கள். ஆறாவதில் பின்னமும் எட்டாவதில் இயற்கணிதமும் சரியாக உட்காராத பிள்ளை ஒன்பதாவதில் பாடத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அடுத்து, ஒருவர் பிரசவ விடுப்பிலோ தேர்தல் பணியிலோ போனால் அந்த வகுப்பை யார் பார்க்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். நல்ல தலைமையாசிரியர் இந்தக் கேள்விக்கு மழுப்ப மாட்டார். கால அட்டவணையை எடுத்துக் காட்டுவார்.

பிறகு நோட்டு. கட்டடத்தையும் ஸ்மார்ட் போர்டையும் விட எனக்கு நம்பிக்கையான சாட்சி ஏழாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுதான். ஒன்று போதாது, பக்கத்து பெஞ்சுப் பிள்ளையுடையதையும் சேர்த்து வாங்கிப் பாருங்கள். அறிவியல் விடை இரண்டிலும் எழுத்துப் பிழை உட்பட அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், அது கரும்பலகையிலிருந்தோ கைடிலிருந்தோ இறங்கியது. அதன் கீழே போட்டிருக்கும் சிவப்பு மை டிக்குக்கு மதிப்பில்லை. தாம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் புரட்டிய கணக்கு நோட்டு வேறு மாதிரி இருந்தது. ஒரு பின்னக் கணக்கின் மூன்றாவது வரியில் மட்டும் சிவப்பு வட்டம். பகுதிகளைச் சமமாக்காமலே கூட்டியிருந்தாள் அந்தப் பெண். அதன் கீழே அவள் கையெழுத்திலேயே அதே கணக்கு மறுபடி, இந்த முறை சரியாக. ஓரத்தில் தேதி. அந்த ஒரு பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து வாசித்திருக்கிறார், ஒரு குழந்தை திருத்திக்கொண்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சுவரில் பெயிண்ட் உரிந்திருப்பது பெரிதாகத் தெரியாது.

ஐந்தாவது முடித்தும் சரளமாக வாசிக்க வராத பிள்ளைகள் ஆறாவதில் இருக்கவே செய்வார்கள். அரசுப் பள்ளி எவரையும் வடிகட்டிச் சேர்ப்பதில்லை, சேர்க்கவும் கூடாது. அது அதன் பெருமை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பள்ளியின் தரம் தெரியும். 2025-26இல் ‘திறன்’ என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணக்கு அடிப்படைப் பயிற்சி வந்திருக்கிறது. அது எந்த நேரத்தில் நடக்கிறது, யார் நடத்துகிறார், அப்போது மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாலே பாதி படம் தெரிந்துவிடும்.

“டீச்சர், இங்கிலீஷ் மீடியம் இருக்குங்களா?” என்பதுதான் சேர்க்கை நேரத்தில் எல்லாத் தாய்மார்களும் கேட்கும் கேள்வி. “இருக்கும்மா” என்ற பதிலோடு எழுந்துவிடாதீர்கள். ஆசிரியர் குறைவான பள்ளிகள் பலவற்றில் இரண்டு மீடியமும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் உட்காருகின்றன. அவர் தமிழில் விளக்குவார், பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதும். அந்த நிலை இருந்தால் தமிழ் வழியில் சேர்த்து, ஆங்கிலப் பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பது மேல் என்பது என் கருத்து.

மகள் இருப்பவர்கள் கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பதினோரு, பன்னிரண்டு வயதில் வயதுக்கு வரும் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் மதியத்துக்கு மேலும் தண்ணீர் வருகிறதா, நாப்கினை எங்கே போடுகிறார்கள், சாவி யார் கையில்? அவசரத்துக்கு ஸ்டாஃப் ரூம் போய்ச் சாவி கேட்க வேண்டிய பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அம்மாவே உள்ளே போய்ப் பார்க்கட்டும். தலைமையாசிரியர் தடுத்தால் அதுவே ஒரு தகவல். சத்துணவு நேரமாக இருந்தால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் தட்டோடு உட்காருகிறார்கள் என்றும் கவனியுங்கள். சாப்பாடு எப்படி என்பதற்கு அதைவிட நேர்மையான மதிப்பெண் இல்லை.

எட்டாவதோடு பள்ளி முடிந்துவிடும் என்பதை மறந்தே பலர் சேர்க்கிறார்கள். போன வருடம் எட்டாவது முடித்த பிள்ளைகள் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள், யாராவது நின்றுவிட்டார்களா, அங்கே பஸ் வசதி என்ன? எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வானால் ஒன்பதாவது முதல் நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் பள்ளிக்கும், விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிக்கும் வித்தியாசம் பெரிது.

போவதற்கு முன் வீட்டிலிருந்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் பெயரையோ அதன் பதினொரு இலக்க எண்ணையோ கொடுத்துத் தேடினால் வகுப்பறை, கழிப்பறை, ஆசிரியர் விவரங்கள் வரும். நேரில் பார்ப்பதோடு ஒப்பிட அது உதவும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழுவின் தலைவராக இருக்கும் அம்மாவிடம் வாசலில் பத்து நிமிடம் பேசுங்கள். கடைசிக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருந்தால் குழு நிஜமாகவே கூடுகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் பார்த்து, ஓர் ஆசிரியர் குறைகிறார் என்ற ஒரே காரணத்தால் நீங்கள் தயங்கினால், இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி எத்தனை மாணவர் என்று எண்ணித்தான் ஆசிரியர் பணியிடத்தைத் தீர்மானிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் இருக்கிறவரையே உபரி என்று வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த நாலைந்து வீட்டிலும் ஆறாவது சேரும் பிள்ளைகள் இருந்தால், ஜூனில் பள்ளி திறந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் 1க்குள் பெயர் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். பிறகு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, காலிப் பணியிடத்தைக் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுத்து, கையெழுத்திட்ட நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.