கரையோரக் காற்றும் மிதிவண்டி அணியும்

மிதிவண்டியைத் தனி மனிதனின் ஊர்தி என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். இரயிலுக்கு நிலையம் வேண்டும். பேருந்துக்கு ஓட்டுநர் வேண்டும். மிதிவண்டிக்கோ ஏறி அமர்பவனின் கால்களே போதும். ஐம்பது வயதை நெருங்கும் வரையில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம், சிதம்பரத்திலிருந்து வடலூர், வடலூரிலிருந்து மீண்டும் கடலூர் என்று முக்கோணமாகச் சென்றுவந்த ஒரு நாள் பயிற்சிப் பயணம் அந்த எண்ணத்தை மாற்றிற்று. மாணவர்களாகிய உங்களுக்கு அந்தப் பயணத்தைப் பற்றியும், அதன் வழியாக நான் கற்ற சில இயற்கை விதிகளைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1891-ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பயணம் முதன்முறையாக நடைபெற்றது. அது பந்தயம்; முந்தியவருக்கே புகழ். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1897-இல், இத்தாலிய நண்பர் சிலர் வேறொரு வகையில் முயன்றனர். உரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரையுள்ள 230 கிலோமீட்டரை ஒரே நாளின் பகல் வெளிச்சத்துக்குள் கடக்க முற்பட்டனர். அவர்களைத் துணிவுடையோர் என்று பொருள்படும் ‘ஆடாக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லால் அழைத்தனர். 1904-இல் பிரான்சு நாட்டுக்கு இம்முறை வந்தபோது, வேகத்தை ஒரு தலைவர் வரையறுப்பார், மற்றவர் அவரை முந்தலாகாது என்னும் விதி வேரூன்றியது. 1921-இல் தத்தம் வேகத்தில் செல்லும் வேறொரு முறையும் அங்கே கிளைத்தது. இக்கிளையே இன்று நம் நாட்டில் ‘பிரெவே’ என்ற பெயரால் வழங்குகிறது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடித்தல் வேண்டும். இதில் முதற்பரிசும் இல்லை. இரண்டாம் பரிசும் இல்லை. காலத்துக்குள் முடித்தவர் யாவரும் நிகரே.

கரையோரப் பயணத்துக்கு அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் 125 பேர், அவருள் 14 பெண்கள், இந்தியக் கடற்கரை நெடுகிலும் மிதிவண்டியில் சென்றனர். குஜராத்தின் லக்பத்திலிருந்து ஓர் அணியும், மேற்கு வங்கத்தின் பக்காலியிலிருந்து மற்றோர் அணியுமாகப் புறப்பட்டு, 25 நாளில் 6,553 கிலோமீட்டரைக் கடந்து, கன்னியாகுமரியில் ஒன்று கூடினர். அவர்கள் முன்கூட்டியே உணவு, நீர், மிதிக்கும் முறை ஆகியவற்றில் பயிற்சி பெற்றிருந்தனர். அப்பயிற்சி இல்லையேல் வெறும் ஊக்கம் மூன்றாம் நாளே வற்றிப்போயிருக்கும்.

இனி எங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஆறு வாரத்தில் வரவிருந்த 200 கிலோமீட்டர்ப் பயணத்துக்கு ஆயத்தமாக, தைப்பூசக் கூட்டம் வடலூரில் கூடுவதற்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்முக்கோணத்தைத் தேர்ந்தெடுத்தோம். சுற்று ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கல்லூரி மாணவர் அறுவர், அலுவலகத்தில் பணிபுரிவோர் இருவர், நான் என ஒன்பது பேர். அலுவலகத்தார் இருவருள் ஒருவரான இளம்பெண்ணே அணித்தலைவி. அவர் முன்னரே 300 கிலோமீட்டர்ப் பயணம் முடித்தவர்.

காலை ஐந்தரை மணிக்கு விளக்கேற்றிய வண்டிகளுடன் கடலூரை விட்டுப் புறப்பட்டோம். ஆலப்பாக்கத்தை அணுகுகையில் கிழக்கு வெளுத்தது. சாலைக்கும் கடலுக்கும் இடையே சில கிலோமீட்டரே. உப்பு மணம் கலந்த குளிர்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிற்று. வரிசையை விட்டு விலகி முன்னே பாய்ந்தேன். புதுச்சத்திரமும் வெள்ளாற்றுப் பாலமும் பின்னே ஓடின. சிதம்பரத்தின் கோபுரங்கள் தென்பட்டபோது என் பின்னால் ஒருவரும் இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தேன். பெருமையோடு காத்திருந்தேன் என்றே சொல்ல வேண்டும். அணித்தலைவி வந்து இறங்கினார். கடிந்துகொள்ளவில்லை. “ஐயா, காற்று இப்போது நமக்குக் கடன் கொடுத்திருக்கிறது. வடலூரைத் தாண்டியதும் வட்டியோடு கேட்கும்” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னதன் பொருளை அப்போது நான் உணரவில்லை. நீங்கள் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் உணர்வீர்கள். கடலூருக்குத் தெற்கே சிதம்பரம். சிதம்பரத்துக்கு வடமேற்கே வடலூர். வடலூருக்கு நேர் வடகிழக்கே கடலூர். தை மாதத்தில் நம் கரையில் வீசுவது வடகிழக்குக் காற்று. எனவே முதற் பகுதியில் அது முதுகில் தள்ளும். இரண்டாம் பகுதியில் வலப்புறத்திலிருந்து மோதும். மூன்றாம் பகுதியில் முகத்தில் அறையும். நண்பகலுக்குப் பின் இன்னொரு காற்றும் இதனோடு சேரும். நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள வெங்காற்று எழும்ப, கடலின் குளிர்காற்று அவ்விடத்தை நிரப்ப விரைகிறது. இதுவே கடற்காற்று. எனவே எங்களுக்கு எதிர்க்காற்று மிகுந்திருக்கும் பகுதியும், அது வலுக்கும் பிற்பகலும் ஒன்றாய் அமைந்தன.

எதிர்க்காற்றின் வலிமையைச் சிறு கணக்கால் காட்டுகிறேன். காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். அது முதுகில் வீச, நான் 25 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், என் முகம் உணரும் காற்று 10 கிலோமீட்டரே. அது எதிரில் வீச, நான் 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், உணரும் காற்று 30. பத்து முப்பதாயிற்று, ஆனால் காற்றின் தடை மும்மடங்கு ஆவதில்லை. தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், ஒன்பது மடங்கு ஆகிறது! போகும்போது பெற்ற ஆதாயம் திரும்பும்போது சரியாகிவிடும் என்பதும் தவறே. 60 கிலோமீட்டரைக் காற்றின் துணையால் 30 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, எதிர்க்காற்றில் 15 கிலோமீட்டர் வேகத்தில் மீண்டால், ஆறு மணி நேரம் ஆகும். சராசரி 20 கிலோமீட்டரே, இருபத்திரண்டரை அன்று. நீலகிரியில் மிதிவண்டி ஓட்டுபவனுக்கு மலை பகை. மேடு பள்ளம் இல்லாத நம் கரையோரத்திலோ காற்றே மலை.

இம்மலையைத் தாண்டும் வழி என்ன? ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வதே வழி. முன்னே செல்பவர் காற்றைப் பிளக்கிறார். அவர் முதுகின் பின்னே காற்று மெலிந்த இடம் ஒன்று உண்டாகிறது. அதனுள் செல்பவருக்கு மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவும் உழைப்பு மிச்சமாகும் என ஆய்வாளர் அளந்திருக்கின்றனர். எதிர்க்காற்று வீசும்போது குறைந்த வேகத்திலும் இந்நிழலின் பயன் பெரிது. முன்னிருப்பவர் சில நிமிடம் உழைத்தபின், கடைசியில் வருபவர் “வண்டி இல்லை” என்று குரல் கொடுத்ததும், வலப்புறம் சற்றே விலகி, வேகம் தணிந்து, வரிசையின் இறுதியில் சேர்ந்துகொள்வார். இரண்டாமவர் முதல்வர் ஆவார். இவ்வாறு சுமை கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இந்நிழலுக்கு ஒரு விலை உண்டு. என் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தோடு ஒட்டி இணையாக வந்துவிட்டால், அவர் சிறிது அசைந்தாலும் சக்கரங்கள் உரசும், விழுபவன் நானே, என்மேல் விழுபவர் என் பின்னே வருவோர். ஆதலால் திடீரெனத் தடை பிடித்தல் ஆகாது. பள்ளமோ கல்லோ கண்டால் கையால் காட்டிக் குரல் கொடுத்தல் வேண்டும். புதியவர்கள் ஒரு வண்டி நீளமேனும் இடைவெளி விடல் வேண்டும். பக்கக் காற்றில் நிழல் நேர் பின்னே விழாது, சாய்வாக விழும். பந்தயங்களில் சாலை முழுவதும் சாய்வரிசையாகப் பரவி அதனைப் பயன்படுத்துவர். மக்கள் நடமாடும் சாலையில் அது தகாது. புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக வடலூர் செல்லும்போது நாங்கள் வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக ஒற்றை வரிசையிலேயே சென்றோம்.

வடலூரில் இறங்கி இளைப்பாறினோம். இராமலிங்க வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. யார் வந்தாலும் உணவு உண்டு. நண்பகலில் அங்கே தரையில் அமர்ந்து எல்லோரும் உண்டனர். நான் மட்டும் பாதியில் எழுந்தேன். வயிறு கனத்தால் மிதிக்க இயலாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிதம்பரத்திலும் இரண்டு இட்டிலியோடு நிறுத்தியிருந்தேன்.

இது பெரும் பிழை. நம் தசைகளிலும் ஈரலிலும் சர்க்கரைப் பொருள் ‘கிளைக்கோஜன்’ என்னும் உருவில் சேர்ந்திருக்கிறது. கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன்பின் உடலில் கொழுப்பு எவ்வளவு இருப்பினும் அதனை விரைந்து எரிக்க இயலாது. ஈர விறகில் சமைப்பது போன்ற நிலை அது. ஆகவே பசிக்குமுன் உண்ணவும், தாகத்துக்குமுன் அருந்தவும் வேண்டும். வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்பிட்ட மோர் ஆகியவை போதும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் நன்றன்று.

ஒரு மணிக்கு வடலூரை விட்டுப் புறப்பட்டோம். குறிஞ்சிப்பாடியைத் தாண்டியதும் காற்று கடனைக் கேட்கத் தொடங்கிற்று. கால்கள் வெறும் மூங்கிற் கழிகள் ஆயின. கண் மங்கிற்று, காரணமின்றிச் சினம் வந்தது. என்முன் ஒரு மாணவன். என்பின் ஒரு மாணவன். அப்போது ஒரு லாரி எங்களை உரசினாற்போல் கடந்தது. அதன் காற்று என்னை ஓரமாகத் தள்ள, என் சக்கரம் தடுமாறி முன்னவனின் சக்கரத்தை ஒரு விரற்கடைத் தூரத்தில் அணுகிற்று. நான் அஞ்சித் தடையை இறுகப் பிடித்தேன். பின்னே வந்த மாணவன் என்மேல் மோதாமலிருக்க இடப்புறம் ஒடித்து, மண்ணோரத்தில் உருண்டு விழுந்தான். முழங்கை தேய்ந்து குருதி கசிந்தது. அவ்வளவே. அவன் வலப்புறம் ஒடித்திருந்தால் அடுத்து வந்த பேருந்தின் முன் விழுந்திருப்பான். இன்று இதைச் சொல்லும்போதும் என் கை நடுங்குகிறது.

அணித்தலைவி எல்லோரையும் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். காயத்தைக் கழுவிக் கட்டினார். எனக்கு இரண்டு வாழைப்பழமும், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரும் தந்தார். கால் மணி நேரத்தில் கண்ணில் ஒளி வந்தது. பிறகு என்னை வரிசையில் மூன்றாவதாக நிறுத்தினார். வரிசையின் ஓரங்களைவிட நடுவில் நிழல் மிகுதி. களைத்தவருக்கு அதுவே இடம். எனக்கு முன்னே, காற்றைப் பிளந்துகொண்டு சென்றவன் யாரென்று நினைக்கிறீர்கள்? முழங்கையில் கட்டுடன் இருந்த அதே மாணவன். காலையில் நான் கால் மணி நேரம் முந்திச் சென்று பெருமைப்பட்டது அவனையுந்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே கடலூர் வரை மிதித்தேன்.

ஊர் சேர்ந்ததும் அணித்தலைவி குறிப்பேட்டில் ஒன்பது பெயர்களுக்கும் எதிரே ஒரே நேரத்தை எழுதினார். கடைசி மனிதர் வந்த நேரமே அணி வந்த நேரம் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. என் வலிமையை நான் காலையில் செலவழித்தபோது அது என் சொந்தப் பொருள் என்று நினைத்தேன். வரிசையில் செல்பவனின் வலிமை அவன் பின்னே வருவோரின் பாதுகாப்பும் ஆகும். அவன் களைத்தால் ஆபத்து அவனோடு நிற்பதில்லை.

ஆறு வாரத்துக்குப் பின் அதே குழுவோடு 200 கிலோமீட்டரையும் காலத்துக்குள் முடித்தேன். அரை மணிக்கு ஒருமுறை உண்டேன். ஒருமுறையேனும் வரிசையை விட்டு முந்தவில்லை.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் நான்கு நண்பர் சேர்ந்து தொடங்கலாம். விலையுயர்ந்த வண்டி வேண்டுவதில்லை. முதல் வாரம் 20 கிலோமீட்டர் போதும். பின்னர் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். தலைக்கவசமும், முன்னும் பின்னும் விளக்கும் இன்றிப் புறப்படாதீர்கள். புறப்படுமுன் காற்று எத்திசையில் வீசுகிறது என்று பாருங்கள். எதிர்க்காற்றில் முதலில் சென்று, துணைக்காற்றில் திரும்பும்படி வழியை அமையுங்கள். உங்களுள் மெலிந்தவர் யாரோ, அவருடைய வேகத்தையே அணியின் வேகமாகக் கொள்ளுங்கள்.