பிராசசருக்கு முன் மதர்போர்டு

வேலூரில் இருக்கும் அக்கா மகள் கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்ததும் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். கையில் இருந்த பணத்துக்குத் தோதாக ஒரு விளம்பரத்தையும் எடுத்து வைத்திருந்தாள். "ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், எல்லாம் புதுசு மாமா. இந்த விலைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் மதர்போர்டின் பெயரும் இருந்தது: எச்61. அதைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எச்61 என்பது இன்டெல் 2011இல் கொண்டுவந்த சிப்செட், அதாவது போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு. அந்தப் போர்டில் உட்காரக்கூடியவை இன்டெல்லின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிராசசர்கள் மட்டுமே. போர்டு வேண்டுமானால் நேற்றுத் தயாரானதாக இருக்கலாம். அதன் மேல் இருக்கும் ஐ5, பத்து ஆண்டுகளுக்கு மேல் எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் கழித்துப் போட்டதாகத்தான் இருக்கும். 'ஐ5' என்ற பெயர் இதைச் சொல்லாது. மதர்போர்டின் பெயர் சொல்லிவிடும்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை. தலைமுறை மாறிவிட்டால் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. 2012இல் வந்த ஐ5-3470இல் 4 கோர்கள், 4 திரெட்கள். உச்ச வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். 2022இல் வந்த ஐ3-12100இல் 4 கோர்கள், 8 திரெட்கள். உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். அதோடு, ஒவ்வொரு துடிப்பிலும் புதிய கோர் முடிக்கும் வேலையும் அதிகம். ஆகவே இந்த ஐ3, அந்த ஐ5ஐ எல்லா வேலையிலும் முந்தும். எண்ணைப் படிப்பதும் எளிதுதான்: 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

நம் ஊரில் மேசைக்கடியில் நிற்கும் முழுப் பெட்டியையும் 'சிபியூ' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சிபியூ என்பது சுமார் 4 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு சில்லு. அதுதான் பிராசசர், கணக்கையெல்லாம் போடுவது அதுவே. ஆனால் ராம், எஸ்எஸ்டி, கீபோர்டு, திரை எல்லாவற்றோடும் அதைப் பேச வைப்பது மதர்போர்டு. அதற்கு மின்சாரம் ஊட்டுவதும் மதர்போர்டுதான். இந்த மின்சார வேலையைக் கடைக்காரர்கூடச் சொல்வதில்லை என்பதால், இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து பிராசசருக்கென்று வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1.2 வோல்ட். ஐ3-12100இன் அடிப்படை மின்தேவை 60 வாட். 60ஐ 1.2ஆல் வகுத்துப் பாருங்கள்: 50 ஆம்பியர்! வீட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி 230 வோல்ட்டில் இழுப்பதே 4 ஆம்பியர் சொச்சம்தான். அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம், விரலளவு இடத்தில், நொடிக்கு நொடி ஏறி இறங்கியபடி ஓடுகிறது. 12 வோல்ட்டை 1.2 ஆக இறக்கித் தரும் சுற்றுக்கு விஆர்எம் என்று பெயர். சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் சின்னக் கட்டிகளும் உருளைகளும் அதைச் சேர்ந்தவை. விலை குறைந்த போர்டுகளில் இவற்றின் எண்ணிக்கை குறைவு. மேலே சூடு தணிக்கும் உலோகப் பட்டையும் பெரும்பாலும் இருக்காது.

ஐ3க்கு இது போதும். ஆனால் "போர்டில் மிச்சம் பிடித்து ஐ7 போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐ7-12700 முழுமூச்சாக ஓடும்போது 180 வாட் வரை இழுக்கும். அதே தலைமுறைக்கான அடிமட்ட எச்610 போர்டில் அதைப் பொருத்தி, மே மாத வேலூரில் ஏசி இல்லாத அறையில் கொஞ்ச நேரம் வீடியோ எடிட்டிங் செய்தால் விஆர்எம் கொதித்துப்போகும். தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தைப் போர்டு குறைத்துவிடும். ஐ7க்குக் காசு கொடுத்துவிட்டு அதற்குக் கீழான வேகத்தில் ஓட்டுவதில் என்ன லாபம்?

அடுத்தது சாக்கெட். பிராசசர் உட்காரும் இருக்கை அது. இன்டெல் இதை அடிக்கடி மாற்றும். 2015இல் 1151 தொடுமுனைகள் கொண்ட சாக்கெட் வந்தது. 2017இல் எட்டாம் தலைமுறை வந்தபோது எண் அதே 1151; ஆனாலும் பழைய போர்டில் அது ஓடவில்லை. 2020இல் 1200, 2021இல் 1700, 2024இல் 1851. மாறாக, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2024இல்கூட அதற்குப் புதிய பிராசசர்கள் வெளியாயின. இந்த நீண்ட ஆயுள் சும்மா கிடைத்ததல்ல. 400 வரிசைப் போர்டுகளில், அடுத்து வரவிருந்த ஜென் 3 பிராசசர்கள் ஓடாது என்று ஏஎம்டி 2020 மே மாதம் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அதே மாதத்தில் முடிவு மாறியது. 2022இல் 300 வரிசைக்கும் வழி திறந்தது. 2017இல் ஒரு பி350 போர்டு வாங்கியவர், பயாஸை மட்டும் புதுப்பித்து, ஐந்து ஆண்டுக்குப் பின் வந்த பிராசசரை அதில் பொருத்த முடிந்தது. குறைந்த பணத்தில் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெயரின் கடைசி எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ஏஎம்4 வகை ரைசன்களில் 'ஜி' இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். முன்னதை வாங்கித் தனி கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் விட்டால் திரை கருப்பாகவே இருக்கும். கூடவே, இப்படி உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் இல்லை. ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ராம் ஒன்றே ஒன்று போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி தரவு போய்வரும். இரண்டாகப் போட்டால் 51.2. எனவே 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குவது மேல்.

அக்கா மகளுக்குக் கடைசியில் முடிவு செய்தது 5600ஜி, பி550 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு. ஐ3-12100உம் எச்610 போர்டும் அவள் படிப்புக்குப் போதும்தான். ஆனால் எச்610இல் ராம் இடமே இரண்டு. நாங்கள் எடுத்த போர்டில் நான்கு. அவள் தம்பிக்கு விளையாட்டு ஆசை வேறு. 5600ஜியின் கிராபிக்ஸ் அதற்கு ஓரளவு ஈடுகொடுக்கும். ஏஎம்4 இனி வளரப்போவதில்லை என்பது உண்மை. ஆனாலும் நாளை எட்டுக் கோர் பிராசசர் ஒன்றை அதே இருக்கையில் உட்கார வைக்கலாம். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடிந்திருந்தால் ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 8500ஜி எடுத்திருப்பேன். அந்தச் சாக்கெட்டை 2027க்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. தடை டிடிஆர்5 ராம். 2025இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. எங்களிடமோ பழைய கணினியில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ஒன்று நல்ல நிலையில் இருந்தது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டின் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறை இரண்டையும் ஏற்கும். போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். இரண்டு வகைக்கும் ஏறத்தாழ ஒரே பெயரில் போர்டுகள் வருவதால் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் இருக்கும் மானிட்டர் பழையதா? போர்டில் விஜிஏ துளை இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைந்த போர்டுகளில் பெரும்பாலும் வைஃபை கிடையாது; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை என்றால் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டு வாங்குவது நல்லது. ஒவ்வொரு பாகத்துக்கும் வரிசை எண்ணோடு ஜிஎஸ்டி பில் கேளுங்கள். இன்டெல் சாக்கெட்டில் நுண்முட்கள் போர்டில் இருக்கும், ஏஎம்4இல் பிராசசரின் அடியில் இருக்கும். வளைந்த முள்ளுக்கு வாரண்டி எதிர்பார்க்க முடியாது. ஏஎம்4இல் இன்னொரு சிக்கல் உண்டு: பிராசசரின் மேல் தடவும் வெப்பப் பசை காய்ந்து, சூடு தணிக்கும் ஹீட் சிங்க்கோடு ஒட்டிக்கொண்டு, ஹீட் சிங்க்கைத் தூக்கும்போது பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கழற்றும் முன் கணினியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, இடவலமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்க வேண்டும்.

பெட்டியை மூடும் முன் கடையிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸ் திரையில் பிராசசர் பெயரும் ராமின் வேகமும் தெரியும். எங்கள் கணினியில் 3200 என்று அச்சிட்ட ராம் 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கியதும் 3200 வந்தது. அக்கா மகள் அந்தத் திரையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கடைக்காரர் கேபினெட்டின் திருகுகளை முடுக்கினார்.