ஒலிவாங்கியின் முன் ஒரு பங்குத்தந்தை

1924 சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. இலண்டன் மாநகரில் டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டியுள்ள புனித மார்ட்டின் ஆலயத்தின் மாலை வழிபாடு அன்று பி.பி.சி. வானொலியில் நேரடியாக ஒலித்தது. ஓர் ஆலயத்தின் வழிபாட்டை பி.பி.சி. முழுமையாக ஒலிபரப்பியது அதுவே முதன்முறை. வத்திக்கான் வானொலி தொடங்கப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த நிகழ்ச்சி இது. அந்த ஆலயத்தின் பங்குத்தந்தைதான் டிக் ஷெப்பர்ட் என்று மக்கள் அன்போடு அழைத்த ஆங்கிலிக்கன் குரு ஹியூ ரிச்சர்ட் லாரி ஷெப்பர்ட்.

வழிபாட்டை வானலையில் அனுப்புவது அன்று பலருக்கும் பிடிக்கவில்லை. 1923-இல் அரச குடும்பத் திருமணம் ஒன்றை ஒலிபரப்ப வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தார் இசையவில்லை. மதுக்கடையில் தொப்பியைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டுவிடுவார்களே என்பது அவர்களுடைய கவலை என்று சொல்லப்படுகிறது. ஆனால் அப்படிப்பட்டவர்களைத்தானே ஷெப்பர்ட் தேடிக்கொண்டிருந்தார்!

அவர் 1880-இல் விண்ட்சரில் பிறந்தவர். தந்தையும் ஒரு குரு. கேம்பிரிட்ஜில் படித்தபின், கிழக்கு இலண்டனின் ஏழைகள் வாழ்ந்த பெத்னல் கிரீன் பகுதியில் ஆக்ஸ்போர்டு இல்லத்தில் பணியாற்றினார். 1907-இல் குருவானார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது பிரான்சில் இராணுவ மருத்துவமனை ஒன்றில் ஆன்ம குருவாகச் சில வாரங்களே இருந்தார். அதற்குள் உடல் தளர்ந்து திரும்ப வேண்டியதாயிற்று. ஆனாலும் இறந்துகொண்டிருந்த வீரர்களின் அருகில் அமர்ந்திருந்த அந்த நாள்கள் அவரை விட்டு அகலவே இல்லை.

அதே ஆண்டு புனித மார்ட்டின் ஆலயப் பொறுப்பை ஏற்றார். அருகிலேயே சேரிங் கிராஸ் இரயில் நிலையம். போர்முனைக்குப் போகிறவர்களும் அங்கிருந்து வருகிறவர்களும் இரவில் தங்க இடமின்றி அலைந்தார்கள். ஆலயக் கதவுகளை இரவும் பகலும் திறந்து வைத்தார் ஷெப்பர்ட். ஆலயத்தின் நிலவறை அவர்களுக்குத் தங்குமிடமாயிற்று. பின்பு வீடற்றவர்களுக்கும் அது புகலிடமானது. வானொலி பிற்பாடு வந்ததுதான். கதவைத் திறந்து வைத்தவருக்கு ஒலிவாங்கி இன்னொரு கதவு, அவ்வளவே என்று நாம் கருதுகிறோம்.

அவருடைய பேச்சில் பிரசங்க மேடையின் முழக்கம் இல்லை. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரோடு உரையாடுவதுபோல் எளிமையாகப் பேசினார். நோயாளிகளும் முதியோரும் ஆலயத்தை விட்டு விலகிப் போனவர்களும் அவரைத் தங்கள் சொந்தக் குருவாகவே எண்ணினர். இத்தனைக்கும் அவர் கடும் ஆஸ்துமா நோயாளி! மூச்சுக்காகப் போராடியவரின் குரல்தான் நாடெங்கும் கேட்டது. அந்நோயே 1926-இல் புனித மார்ட்டின் ஆலயத்தை விட்டு விலகச் செய்தது. 1929-இல் கேன்டர்பரி பேராலயத்தின் டீன் ஆனார். அங்கும் உடல்நிலை இடம் தரவில்லை, 1931-இல் விலகினார்.

போரை அவர் மறக்கவில்லை. 1925-இல் போர் நிறுத்த நாளன்று இலண்டன் ஆல்பர்ட் அரங்கில் நடன விருந்து ஏற்பாடாகியிருந்தது. இறந்தவர்களை நினைக்க வேண்டிய நாளில் களியாட்டமா என்று பத்திரிகையில் எழுதினார். நடனம் தள்ளிப்போனது, அதே அரங்கில் அன்று வழிபாடு நடந்தது. 1934 அக்டோபரில் பத்திரிகைகளுக்கு இன்னொரு கடிதம் எழுதினார்: இனி எந்தப் போரையும் ஆதரிக்க மாட்டேன் என உறுதி கூறும் ஆண்கள் தமக்கு ஒரு தபால் அட்டை அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கில் அட்டைகள் வந்து குவிந்தன. அதிலிருந்து 1936-இல் அமைதி உறுதிமொழிச் சங்கம் பிறந்தது. பெண்களும் அதில் சேர்ந்தனர். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

ஹிட்லர் வலுப்பெற்று வந்த காலத்தில் இது சரிதானா என்று அன்றே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் கோழையல்ல, போர்க்காயங்களை நேரில் கண்டவர் என்பதை மறந்து அவரைத் தீர்ப்பிடுவது நியாயமாகாது.

1937 அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர்கள் வின்ஸ்டன் சர்ச்சிலைத் தோற்கடித்து அவரை ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். பதவியேற்க அவர் இருக்கவில்லை. அதே மாதம் 31-ஆம் நாள், தம் இல்லத்தில் எழுது மேசையருகே இறந்து கிடந்தார். அவருடைய உடல் புனித மார்ட்டின் ஆலயத்தில் வைக்கப்பட்டது. இரவிலும் கதவுகள் மூடப்படவில்லை. மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் வந்து வணங்கிச் சென்றனர். கேன்டர்பரி பேராலய வளாகத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.